ஆளுக்கொரு பங்கு வலி

அருவிகளைப் பூட்டி வைத்த வருஷம் அது. நோய் ஊர் ஊராக வந்துகொண்டிருந்ததால் குற்றாலத்துக்கு வெளியாள் வரக் கூடாதென்று சாலையின் குறுக்கே சவுக்குக் கம்பு கட்டிவிட்டார்கள். மேற்கே மலையில் மழை பெய்வதை யாரும் தடுக்க முடியாதென்பதால் ஆனி பிறந்ததும் சாரல் வந்தது, சாரலுக்குப் பின்னால் தண்ணீர் வந்தது, குளிக்க ஒரு தலை இல்லாத பாறையில் அருவி தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது, தின்னக் கொடுக்க ஆளில்லாத குரங்குகள் கடைவீதிக்கு இறங்கிவந்து பூட்டிய சிப்ஸ் கடைகளின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தன. அந்த வருஷத்தில்தான் ஐந்தருவிச் சாலையில் உள்ள கோமளா லாட்ஜில் ஒருவருக்கு வந்த வலி எல்லோருக்கும் வர ஆரம்பித்தது.

கோமளா லாட்ஜ் அப்போது பெயருக்குத்தான் லாட்ஜ். சீசனுக்கு வருகிறவர்கள் ஏ.சி. அறைகளைத் தேடிப் புது ஹோட்டல்களுக்குப் போய்விட்ட பிறகு, சென்னையில் இருந்த முதலாளி அறைகளைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். கதவுகளில் பித்தளை எண்கள் அப்படியே இருந்தன, மாடிப்படியின் மேல் 'ஈரத் துணியுடன் உள்ளே வராதீர்கள்' என்ற பலகை அப்படியே இருந்தது, ஒவ்வொரு அறையிலும் கட்டில் தலைமாட்டில் ஒரு கறுப்பு டெலிபோனும் அப்படியே இருந்தது. குழல்வாய்மொழியும் அப்படியே இருந்தாள்.

குற்றாலநாதர் கோயில் அம்மனின் பெயர் அவளுக்கு. ஊர் அதைச் சுருக்கி மொழி என்றது. லாட்ஜ் ஓடிய காலத்தில் முன்னறை மேசையில் டெலிபோன் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, வெந்நீர் கேட்பவரைச் சமையல்கட்டோடும், பிள்ளையைத் தேடும் தாயைப் பக்கத்து அறையோடும், அறைகளில் இருந்தவர்களை வெளியூர்க் குரல்களோடும் கம்பியைச் செருகிச் செருகி இணைத்துவிட்டவள். தன்னைக் கேட்டு ஒரு போன் வந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. லாட்ஜ் நின்றதும் முன்னறையையே வீடாக்கிக்கொண்டு, தண்ணீர் மோட்டார் போடுவது, குடியிருப்பவர்களின் தபாலை வாங்கி வைப்பது என்று அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை, ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வப்போது ஒற்றைத் தலைவலி வரும், வந்தால் கதவைச் சாத்தி ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக் கிடப்பாள். கதவு சாத்தியிருந்தால் மொழியக்கா எங்கோ வெளியே போயிருக்கிறாள் என்று எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். அவளும் அவர்களை அப்படியே எண்ண விட்டிருந்தாள்.

பள்ளிக்கூடங்களைப் பூட்டிப் பாடத்தைச் செல்போனில் நடத்தச் சொன்னபோதுதான் சங்கடம் தொடங்கியது. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கங்களில் ஒரு முழத்துக்கு மேல் தடித்த கல்சுவர். கோமளா லாட்ஜுக்குள் சிக்னல் என்பதே கிடையாது. பிள்ளைகள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, சாரலில் குடை பிடித்துக்கொண்டு பாடம் படித்தார்கள். மாடி அறையில் குடியிருந்த லூர்து டீச்சர், உதவிபெறும் பள்ளியில் கணக்கு எடுப்பவர், தொட்டியின் மறுபக்கம் தானும் ஒரு குடைக்குள் நின்று, மழைக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சமன்பாடுகளை விளக்கினார். முன்னறையில் மொழியிடம் மட்டும் ஓர் இன்டர்நெட் இணைப்பு இருந்தது. அதன் வைஃபை முதல் சுவரைத் தாண்டும்போதே களைத்து, இரண்டாவது சுவரில் செத்துப்போகும்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த உதுமான், முதல் பிள்ளையைச் சுமந்திருந்த மனைவி ரிஸ்வானாவை அழைத்துக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் வந்து கீழ்த்தளத்தில் குடியேறியிருந்தான். பகல் முழுக்க இணைப்பில் இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவன் ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து கறுப்பு டெலிபோனையே வெகுநேரம் பார்த்துவிட்டு முன்னறைக்கு வந்தான்.

"மொழியக்கா, இந்த போன்ல எதுவும் கேக்குமா?"

"சத்தம் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு தம்பி. கம்பி மட்டும் சுவத்துக்குள்ள கெடக்கு."

"கம்பி போதும்."

பேச்சு என்பது அந்தக் கம்பியில் தரையோடு தரையாக நடந்து போவது, அதற்கு மேலே எவ்வளவோ இடம் காலியாகக் கிடக்கிறது, அந்த மேல் இடத்தில் கம்ப்யூட்டரின் தகவலை ஓட்டலாம், ஒன்றையொன்று இடிக்காது என்று அவன் சொன்னான். தென்காசியில் ஒரு கடைக்காரர் எந்தக் காலத்திலோ வாங்கி விற்காமல் போட்டிருந்த சின்னச் சின்னப் பெட்டிகள், டெலிபோன் கம்பியை ஒருபக்கமும் கம்ப்யூட்டரை ஒருபக்கமும் கவ்விக்கொள்கிறவை, அரைக் கதவு திறந்த குடோனிலிருந்து மூட்டையாக வந்து சேர்ந்தன. எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்பதை மொழியின் விரல்கள் மறந்திருக்கவில்லை. அவள் பலகையில் ஒரு முனையைத் தொட, உதுமான் அறையறையாகப் போய்ச் சுவரில் மறு முனையைச் சுரண்டித் துரு நீக்கி முறுக்கிப் பூட்ட, எல்லா அறையும் ஒரே வரிசையாகக் கோக்கப்பட்டது. மாடிக் கோடியறையில் தனியாக இருந்த பழைய லாரி டிரைவர் ஆவுடையப்பனிடம் கம்ப்யூட்டரும் இல்லை, படிக்கிற பிள்ளையும் இல்லை. ஆனால் கம்பி அங்கே போய்த்தான் முடிந்தது, முடிகிற இடத்தில் ஒரு பெட்டி இருந்தால்தான் வரிசை சீராக ஓடும் என்று உதுமான் கேட்டபோது, "மாட்டிக்கோ, எனக்கு என்ன" என்று அவர் கட்டிலை விட்டு எழாமலே சொன்னார்.

பெட்டிகளில் பச்சை விளக்கு எரிந்தது. பிள்ளைகள் குடையை மடக்கிக் கீழே வந்தார்கள். லூர்து டீச்சர் சொந்த நாற்காலியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், முதல் வகுப்பை நடத்தினார். அன்று சாயங்காலம், ஊரடங்கால் மூடிக் கிடந்த புரோட்டாக் கடைக்குச் சொந்தக்காரரான சுடலைமணி, தன் அறை வாசலில் கிடந்த அம்மிக்கல்லில் இடது கால் பெருவிரலை இடித்துக்கொண்டார். லாட்ஜில் இருந்த எல்லோரும் அவரவர் நின்ற இடத்தில் இடது காலைத் தூக்கினார்கள்.

யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கொசுக்கடி போலத்தான் இருந்தது. மறுநாள் ஒரு பிள்ளைக்குக் காது குத்தலெடுத்தது, எல்லோரும் காதைத் தடவினார்கள். அதற்கடுத்த நாள் ரிஸ்வானாவின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, மாடியிலும் கீழேயும் ஆண்களும் பெண்களும் காலை நீட்டி நீட்டி உதறினார்கள். உதுமான் முன்னறைக்கு வந்து பெட்டியை அணைத்தான், வலி அவரவரிடம் திரும்பிப் போயிற்று, போட்டான், பரவிற்று. நாலைந்து தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது பெட்டியில உள்ள கோளாறு இல்ல அக்கா, பெட்டி சரியாத்தான் இருக்கு" என்றான். இணைப்பு வேண்டும், வகுப்பு வேண்டும், ஆபீஸ் வேண்டும். விளக்குகள் பச்சையாகவே எரிந்தன.

பள்ளிவாசல்காரர்கள் அல்லாவின் நாட்டம் என்றார்கள், லூர்து டீச்சரின் மாதாகோயில் தோழிகள் சிலுவையைச் சுமக்கக் கைகொடுத்தவனை நினைவுபடுத்தினார்கள், பால்காரர் மட்டும் மழைக்காலத்தில் பழைய கம்பி இப்படித்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு ஆராய்ச்சி முடிந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதில்தான் கோமளா லாட்ஜின் புத்தியெல்லாம் செலவானது. பகிர்ந்தால் வலி குறைகிறது, உடையவருக்கும் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது என்பது முதலில் தெரிந்தது. வாசலைத் தாண்டி வெளியே போனால் அவரவர் வலி அவரவர் தலையில் ஏறிக்கொள்கிறது என்பது அடுத்துத் தெரிந்தது. விருந்தாளிகளுக்கு ஒன்றும் வருவதில்லை, அந்தக் கூரைக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். காலில் முள் எடுக்கப்போகிறவர்கள் நடைவழியில் நின்று "முள் எடுக்கப் போறோம்" என்று குரல் கொடுத்துவிட்டு எடுப்பது வழக்கமாயிற்று. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிள்ளுவதை விட்டார்கள், கிள்ளினவனுக்கும் வலித்ததால் அதில் ருசியில்லாமல் போயிற்று. சுடலைமணிக்கு மாதத்தில் ஒருநாள் அடிவயிற்றில் பிசைந்தது. முதலில் வாய்வு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் குடித்தார். பிறகு மனைவி பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தார், அவள் குனிந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய் அன்றைக்கு வேண்டிய தண்ணீரையெல்லாம் தாமே தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். லூர்து டீச்சரின் கடைவாய்ப் பல் பல வருஷமாகச் சொத்தை என்பது லாட்ஜுக்கே தெரிந்துபோய், ஆள் மாற்றி ஆள் கிராம்பு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், கடைசியில் அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தென்காசிக்குப் போய் அதைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

எல்லா வலிக்கும் ஆள் தெரிந்தது, ஒன்றுக்கு மட்டும் தெரியவில்லை. அது நடு இடுப்பில் வந்தது. எலும்புக்குள் யாரோ திருகாணியை வைத்து மெல்ல மெல்ல இறுக்குவது போல மத்தியானத்தில் தொடங்கி, விளக்கு வைக்கும்வரை இருக்கும். அறையறையாகக் கேட்டாயிற்று, ரிஸ்வானாவைத்தான் முதலில் கேட்டார்கள், அவள் தன்னுடையது இல்லை என்றாள். கடைசியில் மொழி மாடியேறிக் கோடியறைக் கதவைத் தட்டினாள்.

ஆவுடையப்பன் கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இது உங்களுதா?"

"எது?"

"இடுப்புல திருகுதே, இது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் கை இடுப்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். தன் கையும் சரியாக அதே இடத்தில் இருப்பதைப் பார்த்தார்.

"எல்லாருக்குமா வருது?"

"எல்லாருக்கும்."

"பிள்ளைகளுக்குமா?"

"பிள்ளைகளுக்கு ரொம்ப லேசாத்தான். எறும்பு ஊருத மாதிரி இருக்குன்னு சொல்லுதுக."

அவர் திரும்பிப் பெட்டியை நோக்கி நடந்தார், அவ்வளவு நாளும் நடந்ததைவிட வேகமாக நடந்தார், கம்பியைப் பிடித்து இழுக்கப் போனார். மொழி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"திருநெல்வேலி ஆஸ்பத்திரியில எலும்புல புத்துன்னு சொன்னாங்க" என்றார் அவர். "மருந்து வாங்க அவ்வளவு தூரம் போகமுடியாம ரோட்டை அடைச்சுட்டாங்க. பையன் பம்பாய்ல இருக்கான், ரயில் இல்ல. வலி வலின்னு யார்கிட்ட சொல்ல. இந்தக் கொஞ்ச நாளாத்தான் நான் மல்லாந்து படுத்துத் தூங்குதேன், மொழி. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன். மருந்து தீந்து வெகுநாளாச்சு. பிறகு எப்படித் தூங்குதேன்னு நானே யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மறுநாள் காலையில், முன்பு டூரிஸ்ட் வேன்கள் நின்ற கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். ஆவுடையப்பன் வரவில்லை, என் கம்பியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சுடலைமணி எழுந்தார்.

"நான் கெட்டவன் இல்ல, எல்லாருக்கும் தெரியும். அந்த மனுஷனுக்கு என்ன வேணும்னாலும் செய்வேன், சோறு குடுப்பேன், தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஆனா எம்பிள்ளைக்கு ஏழு வயசு. அவ உடம்புல புத்தோட வலி ஏறுதுன்னா எனக்குத் தாங்கல. என் ரூம் கம்பியை எடுத்துரு மொழி."

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. மொழி முன்னறைக்குப் போய்ப் பலகையில் அவர் அறையின் கம்பியை உருவிவிட்டு வந்தாள். மற்றவர்களைப் பார்த்தாள். லூர்து டீச்சர், புதிதாக உண்டான பல் ஓட்டையை நாக்கால் தொட்டுக்கொண்டே, "வகுக்கிற எண்ணில் ஒண்ணு குறைஞ்சா ஈவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். எனக்கு இருக்கட்டும்" என்றார். ரிஸ்வானா இருக்கட்டும் என்றாள். ஒவ்வொருவராக இருக்கட்டும் என்றார்கள். கோடியறைப் பெட்டியில் விளக்கு அணையவில்லை. சுடலைமணியின் மகள் மட்டும் பாடத்துக்கு லூர்து டீச்சர் அறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

சுடலைமணி தன் அறையில் வலியில்லாமல் இருந்து பார்த்தார். ஒருநாள் அவர் படியிறங்கும்போது எதிரே ஆவுடையப்பன் ஏறிக்கொண்டிருந்தார், நாலு படிக்கு ஒருமுறை நின்றார், நிற்கும்போதெல்லாம் கை இடுப்புக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த சுடலைமணியின் கையும் தன் இடுப்புக்குப் போயிற்று, அங்கே ஒன்றுமில்லை. அந்த இடத்தை அவருக்குத் தெரியும். விரல் வைத்துக் காட்டும் அளவுக்குத் தெரியும், திருகு எந்தப் பக்கமாகத் திரும்பும் என்பதுகூடத் தெரியும். தெரியாத நாளிலென்றால் "என்ன அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார். அன்று அப்படியே திரும்பி முன்னறைக்கு வந்தார்.

"மாட்டிரு" என்றார்.

"பேச்சியம்மா என்ன சொல்லுதா?"

"அவ முதல் நாளே எடுக்க வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

இத்தனைக்கும் நடுவில் மொழிக்கும் தலைவலி வந்தது. இடது கண்ணுக்குப் பின்னால் முதல் மினுக்கல் தோன்றியபோது அவள் வழக்கம்போல் கதவைச் சாத்தினாள், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாள், பிறகு பலகைக்குப் போய்த் தன் அறைக் கம்பியை உருவிவிட்டுப் படுத்தாள். எல்லோருக்கும் பள்ளிக்கூடமும் ஆபீஸும் இருக்கின்றன, ஏற்கெனவே ஒரு பெரிய வலியைச் சுமக்கிறார்கள், இதையும் போய் அவர்கள் தலையில் ஏற்றுவானேன் என்று நினைத்தாள். தலைவலி முழுசாக வந்தது. எத்தனையோ வருஷமாக வந்ததுபோலவே வந்து, மண்டையில் ஒருபக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேங்காயை உடைப்பதுபோல உடைத்துக்கொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. அவள் எழவில்லை. மறுபடி தட்டப்பட்டது, பிறகு கதவே திறந்தது. ஆவுடையப்பன் நின்றார். மாடியிலிருந்து அத்தனை படியும் இறங்கி வந்திருந்தார், அதற்குமேல் அவருக்கு மூச்சுக்கூட மிச்சமில்லை.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கொஞ்சம் அசதி."

"நீ கம்பியை எடுத்துட்டே."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும். லாரியில ஒரு டயர்ல காத்துப் போனா ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கவனுக்குத் தெரியாதா? ஒரு பங்கு கனத்துது. யாரு இல்லன்னு ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்தேன். மத்தவங்க எல்லாரும் இருக்காங்க." அவர் வாசல்படியில் மெல்ல உட்கார்ந்தார். "போன வாரமும் ஒருநாள் இப்படித்தான் கனத்துது. அதுக்கு முன்னாலயும். எங்க வலியெல்லாம் நீ வாங்குவே, உன்னுது எங்களுக்குக் கிடையாதோ?"

மொழி போர்வைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது சும்மா தலைவலி அண்ணாச்சி. இதுக்குப் போய்."

"தலைவலியோ என்னமோ. மாட்டு."

அவள் அசையாமல் கிடந்தாள். அவர் எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு பலகைவரை போய், எந்தத் துளையில் எந்தக் கம்பி என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றே ஒன்றைப் பிடித்து, காலியாக இருந்த ஒன்றே ஒன்றில் செருகினார்.

தேங்காய் உடைபடுவது நின்றது. முழுசாக நிற்கவில்லை, பக்கத்து ஊரில் யாரோ உடைப்பது போலத் தள்ளிப் போயிற்று. மாடியில் ஒரு கதவு திறந்தது, கீழே ஒன்று திறந்தது, நடைவழியெல்லாம் செருப்புச் சத்தம் கேட்டது. "இது யாருக்குத் தலை?" என்று சுடலைமணி கேட்பதும், "கண்ணுக்குப் பின்னால இருக்கு, புதுசா இருக்கே" என்று லூர்து டீச்சர் சொல்வதும் கேட்டன. "மொழிக்கு" என்று ஆவுடையப்பன் வாசலிலிருந்து சொன்னார். பிறகு பேச்சியம்மாள் சுக்குக் காபியோடு உள்ளே வந்தாள், ரிஸ்வானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், "லாத்தா, இவ்வளவு நாளும் இதை வச்சுக்கிட்டா மோட்டார் போட்டுக்கிட்டு அலைஞ்சீங்க?" என்று கேட்டாள். மொழிக்கு அழுகை வந்தது. அழுகை கம்பியில் போகவில்லை, அதை அவள்தான் அழுது தீர்க்கவேண்டியிருந்தது. பேச்சியம்மாள் ஜன்னலில் இருந்த போர்வையை எடுத்து மடித்து வைத்தாள்.

ஆடி மாசத்தில் ஒரு காலைப் பொழுதில் ரிஸ்வானாவுக்கு நோவு எடுத்தது. ஆம்புலன்ஸ் எங்கோ நோயாளிகளுக்குப் போயிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து எஸ்தர் சிஸ்டர்தான் பையோடு நடந்து வந்தார். உள்ளே போனவர் கதவைச் சாத்தினார். நோவு அலையலையாக வந்து வந்து போயிற்று, ஒவ்வோர் அலையும் கம்பியில் ஏறி அறையறையாகப் போயிற்று. சுடலைமணி நடைவழித் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். உதுமான் ஆபீஸ் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவன் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் தரையில் மண்டியிட்டான். லூர்து டீச்சர் எக்ஸின் மதிப்பைச் சொல்ல வாயெடுத்து "அம்மா" என்றார், திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகள் அதை விடையென்றே எழுதிக்கொண்டார்கள். அவர் வாழ்நாளில் பெறாத பிள்ளையின் நோவு அவர் இடுப்பைச் சுற்றி வந்தது, அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அதை முழுசாக வாங்கிக்கொண்டார். மொழி பலகையின் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கம்பியும் நழுவிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் படியில் உட்கார்ந்து, ஒவ்வோர் அலைக்கும் தலையை ஆட்டி, "வருது, என் பங்கும் வருது" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். அந்த முகத்தில் அப்படியொரு பெருமிதத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

எஸ்தர் சிஸ்டர் எத்தனையோ பிரசவம் பார்த்தவர். பெற்றுக்கொண்டிருந்தவள் நடுவில் குடிக்கத் தேநீர் கேட்டதும், வெளியே ஆண்கள் கத்தியதும் அவருக்குப் புரியவில்லை. பெண் குழந்தை. அதைத் துடைத்துத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது, நடைவழி முழுக்க ஆட்கள் வியர்த்து வழிந்து, தலை கலைந்து, சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். எல்லோரும் ஒரேபோலக் கையை நீட்டினார்கள்.

"யாரு இதுக்குத் தகப்பன்?" என்றார் சிஸ்டர்.

உதுமானுக்குக் கையைத் தூக்க அரை நொடி தாமதமாயிற்று.

ஆவுடையப்பன் ஆவணிவரை இருந்தார். உதுமான் தன் லேப்டாப்பை அவர் அறைக்குக் கொண்டுபோய் வைப்பான், பம்பாயில் இருந்த மகன் திரையில் வருவான், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆவுடையப்பன் ரிஸ்வானாவின் குழந்தையைத் தன் மடியில் கிடத்தச் சொல்லி மகனுக்குக் காட்டுவார். திருகாணி நாளுக்கு நாள் இறுகியது, பங்குகள் கூடின. மத்தியானங்களில் கோமளா லாட்ஜ் முழுவதும் ஒருக்களித்துப் படுத்திருந்தது. யாரும் கம்பியை எடுக்கவில்லை.

ஒருநாள் காலை, இட்லிக் கொப்பரைகளில் ஆவி வந்துகொண்டிருந்த நேரத்தில், எல்லோருடைய இடுப்பும் லேசாயிற்று. சுமந்து சுமந்து பழகிய மூட்டையை யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டதுபோல இருந்தது. பேச்சியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். லூர்து டீச்சர் பாடத்தைப் பாதியில் நிறுத்தினார். மொழி மோட்டாரை அணைத்தாள். ஒருவரை ஒருவர் கூப்பிடாமலே எல்லோரும் படியேறினார்கள். அவர் மல்லாந்து படுத்துத் தூங்குவதுபோலவே இருந்தார். மகன் அந்தக் கம்பி வழியாகத்தான் கடைசியாக அப்பாவைப் பார்த்தான், அவன் சொன்னபடி சுடலைமணி கொள்ளி வைத்தார். அதன்பிறகு வெகுநாள் மத்தியான வேளைகளில் ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள், வலிக்காத இடத்தைத் தேடுவதுபோல.

குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்ததும் எஸ்தர் சிஸ்டர் மறுபடி வந்தார். அந்த வருஷம் முழுக்க அவர் நடந்துகொண்டே இருந்தார். முட்டி இரண்டும் வீங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நடைவழியில் எல்லோரும் ஏற்கெனவே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் குழந்தையின் இடது தொடையைத் துடைத்து ஊசியைச் செருகினார். குழந்தை லேசாகப் புருவத்தைச் சுருக்கிவிட்டு மறுபடி தாயின் சங்கிலியைப் பிடித்து விளையாட ஆரம்பித்தது. வரிசையாக இருந்த அத்தனை பேரும் இடது தொடையைத் தேய்த்துக்கொண்டார்கள்.

சிஸ்டர் குழந்தையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். பிரசவத்தன்று பார்த்ததெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. ஊசியைப் பெட்டியில் போட்டு, பஞ்சைச் சுருட்டி, பையை மூடினார். போகும்போது முன்னறை வாசலில் நின்றார், முட்டியை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இங்க ரூம் ஏதும் காலியா இருக்கா?"

"எத்தனை பேருக்கு சிஸ்டர்?"

"நான் ஒருத்திதான்."

மொழி அவருடைய முட்டிகளைப் பார்த்தாள். பேச்சியம்மாளும் சுடலைமணியும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். லூர்து டீச்சர் மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"மாடிக் கோடியில ஒண்ணு இருக்கு" என்றாள் மொழி. "படி ஏறணும். ஆனா போகப்போக ஏறுதது லேசாயிரும். உள்ள வாங்க, முதல்ல உக்காருங்க, ஒரு விஷயம் சொல்லணும்." மேசை இழுப்பறையைத் திறந்து கோடியறைச் சாவியை எடுத்தாள்.